புள்ளியும் கோடும் போதாது: செட்டிநாட்டுக் கடன் வலையை எப்படி வரையறது?

இந்த எபிசோட்ல கொஞ்சம் கணக்கு இருக்கு, நிறைய வரலாறு இருக்கு. ரெண்டும் சந்திக்கிற ஊர் காரைக்குடி. செட்டிநாடுன்னதும் நமக்கு ஞாபகம் வர்றது பெரிய வீடு, ஆத்தங்குடி ஓடு, மிளகு போட்ட கோழி. அந்த வீடுகளைக் கட்டின பணம் எந்த மாதிரி ஒரு அமைப்புல ஓடுச்சு, அது ஏன் அவ்வளவு நாள் நின்னுச்சு, ஏன் நம்ம தாத்தா காலத்துலயே சரிஞ்சது, இதான் இன்னைக்குப் பேச்சு.

முதல்ல ஒரு சின்னக் கேள்வி. உங்க தெருவுல 20 பேர் சேர்ந்து மாசம் 5,000 ரூபாய் சீட்டு போடறாங்க. மாசம் ஒரு லட்சம் சேருது, ஒருத்தர் எடுக்கிறார். இதைப் படமா வரையச் சொன்னா எப்படி வரைவீங்க?

நம்மள மாதிரி கம்ப்யூட்டர் படிச்ச ஆளுங்க உடனே 20 புள்ளி வைப்போம். யாருக்கும் யாருக்கும் பண சம்பந்தம் இருக்கோ அவங்களுக்கு நடுவுல ஒரு கோடு. சீட்டுல எல்லாருக்கும் எல்லாரோடயும் சம்பந்தம் இருக்கு, அதனால மொத்தம் 190 கோடு.

இப்போ பக்கத்துத் தெரு. அங்க சீட்டே இல்லை. ஆனா 20 பேரும் ஒருத்தருக்கொருத்தர் தனித்தனியா கைமாத்து கொடுத்து வாங்கியிருக்காங்க. அதையும் வரைங்க. அதே 190 கோடு. அச்சு அசலா அதே படம்.

ஆனா ரெண்டு தெருவும் ஒண்ணா? கைமாத்துத் தெருவுல ஒருத்தர் ஒரு கடனைத் திருப்பித் தரலைன்னா கொடுத்த அந்த ஒருத்தருக்குத்தான் நஷ்டம். சீட்டுத் தெருவுல எடுத்தவர் கட்டாம ஓடிட்டார்னா மிச்சம் 19 பேருக்கும் அடி. படம் ஒண்ணு, ஆபத்து வேற. அப்போ நம்ம படத்துல ஏதோ விட்டுப் போயிருக்கு.

விட்டுப் போனது குழு.

கோடு எங்கே தோத்துப் போகுது

வலைப்பின்னல் கணிதம் 1736-ல ஆய்லர் எழுதின கோனிக்ஸ்பெர்க் பாலங்கள் கணக்குல இருந்து தொடங்குதுன்னு பாடப் புத்தகத்துல படிச்சிருப்பீங்க. நிலம் ஒரு புள்ளி, பாலம் ஒரு கோடு. ஒரு பாலத்துக்கு எப்பவும் ரெண்டு முனைதான், அதனால அங்க கோடு சரியாப் பொருந்துச்சு. பிறகு அதே புள்ளி-கோடு முறையை மனுஷங்க, நியூரான், இணையப் பக்கம்னு எல்லாத்துக்கும் எடுத்துக்கிட்டோம்.

ஆனா மனுஷங்க விஷயத்துல நிறைய காரியம் ரெண்டு ரெண்டு பேரா நடக்கிறது இல்லை. மூணு நண்பர்கள் தனித்தனியா மெசேஜ் பண்றதும், மூணு பேரும் ஒரே வாட்ஸ்அப் குரூப்ல இருக்கிறதும் ஒண்ணு இல்லைன்னு உங்களுக்கே தெரியும். குரூப்ல ஒரு விஷயம் போட்டா எல்லாருக்கும் தெரியும். அதை விட முக்கியம், எல்லாருக்கும் தெரியும்ங்கிறதும் எல்லாருக்கும் தெரியும். "எனக்குத் தெரியாதே"ன்னு யாரும் நழுவ முடியாது.

இந்த மாதிரி குழுவையே ஒரு அலகா எடுத்துக்கிற கணிதத்துக்கு ஹைப்பர்கிராஃப்னு பேர். பிரெஞ்சுக் கணிதவியலாளர் கிளாட் பெர்ஜ் 1970-ல இதைப் பத்தி ஒரு புத்தகமே எழுதினார். ஹைப்பர்கிராஃப்ல ஒரு 'கோடு' ரெண்டு பேரை மட்டும் இல்லாம மூணு, இருபது, நூறு பேரைக்கூட ஒரே வளையத்துக்குள்ள கொண்டு வரலாம். நம்ம சீட்டுத் தெரு 190 கோடு இல்லை, 20 பேரைச் சுத்தி ஒரே ஒரு வளையம். 20 பேருக்குள்ள ஜோடி 190-தான் சாத்தியம். ஆனா ரெண்டு பேரும் அதுக்கு மேலயும் உள்ள குழு எத்தனை சாத்தியம்னு கணக்குப் போட்டா 10 லட்சத்து 48 ஆயிரத்து 555 வரும். அவ்வளவு பெரிய உலகத்தைத்தான் கோடு போடறப்போ தூக்கிப் போட்டுடறோம்.

சமூகவியல்காரங்களுக்கு இது முன்னாடியே தெரியும். 1930-கள்ல அமெரிக்காவுல மிசிசிப்பி மாநிலத்துல ஒரு ஊர்ல 18 பெண்கள் எந்தெந்த விருந்து, கூட்டத்துக்குப் போனாங்கன்னு ஒரு அட்டவணை எடுத்தாங்க. மொத்தம் 14 நிகழ்ச்சி. 1941-ல 'டீப் சவுத்'ங்கிற புத்தகத்துல அது வந்துச்சு. யார் யாருக்குத் தோழின்னு அவங்க கேட்கலை. யார் எந்தக் கூட்டத்துல சேர்ந்து இருந்தாங்கன்னு பார்த்தாங்க. இன்னைக்கும் வலைப்பின்னல் படிக்கிற மாணவர்கள் அந்த அட்டவணையை வெச்சுப் பயிற்சி பண்றாங்க.

ஆளும் குழுவுமா இப்படிக் கணக்கு வெக்கிறது நம்ம ஊர்ல புதுசு இல்லை. காரைக்குடியைச் சுத்தி ஒன்பது கோயில்ல இது ரொம்ப காலமா நடக்குது.

புள்ளின்னா யாரு?

நகரத்தார்னும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்னும் சொல்ற சமூகத்துக்கு ஒன்பது நகரக் கோயில்கள். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி. ஒவ்வொரு குடும்பமும் இதுல ஏதோ ஒரு கோயிலைச் சேர்ந்தது. பொதுவா ஒரே கோயில்காரங்க பங்காளிகள், அவங்களுக்குள்ள கல்யாணம் கிடையாது. பிள்ளையார்பட்டியும் இரணியூரும் தனித்தனிக் கோயில்னாலும் சகோதர முறை, அங்கயும் கொடுக்கல் வாங்கல் இல்லை.

இங்க ஒரு அழகான வார்த்தை இருக்கு. புள்ளி. கல்யாணமான ஒரு தம்பதி சேர்ந்து கோயில் கணக்குல ஒரு புள்ளி. கோயிலுக்குத் தர்ற வரி புள்ளி வரி. தனி ஆளுக்கு இந்தக் கணக்குல இடம் இல்லை. கல்யாணம் ஆனாத்தான் புள்ளி. கல்யாணத்துக்குக் கோயில்ல இருந்து மாலை வரணும். மாலை வருதுன்னா அந்தக் கோயில் இந்தக் கல்யாணத்தை ஏத்துக்கிச்சுன்னு அர்த்தம்.

டேட்டாபேஸ் எழுதறவங்களுக்கு இதுல ஒரு பாடம் இருக்கு. ஒரு வலையை வரையறதுக்கு முன்னாடி எது புள்ளின்னு முடிவு பண்ணணும். வெள்ளைக்கார அரசாங்கத்தோட கணக்குல புள்ளி ஒரு ஆள், இல்லைன்னா ஒரு கம்பெனி. நகரத்தார் கணக்குல புள்ளியே ஒரு சேர்க்கை. ஒரு கல்யாணத்துல ரெண்டு பேர் மட்டும் இல்லை, ரெண்டு கோயில், ரெண்டு பங்காளிக் கூட்டம், ரெண்டு ஊர் சேர்ந்து ஒரு வளையத்துக்குள்ள வருது.

அந்த வளையத்துல பணமும் ஓடுச்சு. பெண் கொண்டு வர்ற சீதனப் பணம் பெட்டியில தூங்கலை. அது கடையில, இல்லைன்னா நம்பிக்கையான உறவுக்காரர் கடையில, வட்டிக்குப் போடப்பட்டுச்சு. ஆச்சிமார் பணம்னே அதுக்குப் பேர். ரங்கூன்லயோ பினாங்குலயோ இருந்த ஒரு கடையோட முதல்ல காரைக்குடிப் பக்கம் இருந்த ஒரு ஆச்சியோட பணமும் இருந்துச்சு. ஆனா வட்டி எவ்வளவுன்னு முடிவு பண்ற கூட்டத்துல ஆச்சிக்கு இடம் இல்லை. குழுவைப் பத்திப் பேசறப்போ யார் உள்ளே, யார் பாதி உள்ளேங்கிறதையும் பார்த்துக்கிட்டே போகணும்.

மொகல் தெருவுல நடப்பு வட்டி

இப்போ கடல் தாண்டுவோம். 1852-ல ஆங்கிலேயர்கள் கீழ் பர்மாவைப் பிடிச்சாங்க. 1869-ல சூயஸ் கால்வாய் திறந்துச்சு. ஐராவதி ஆத்துப் படுகையில காட்டைத் திருத்தி நெல் போட்டா, அரிசி வாங்க உலகமே காத்துக்கிட்டு இருந்துச்சு. ஆனா காட்டைத் திருத்தற விவசாயிக்கு மாடு, விதை, கூலி எல்லாத்துக்கும் பணம் வேணும். ஐரோப்பிய வங்கிகள் அந்த விவசாயிக்கிட்டப் போகலை. போனது செட்டியார் கடைகள். 1930 வாக்குல பர்மாவுல மட்டும் ஏறத்தாழ 1,650 கடைகள் இருந்ததா அந்தக் காலத்து வங்கி விசாரணைக் குழு கணக்கு சொல்லுது.

1,650 கடைன்னா 1,650 போட்டியாளர்கள். ஒருத்தரை ஒருத்தர் வெட்டிக்காம எப்படி இருந்தாங்க? ரங்கூன் மொகல் தெருவுல செட்டியார் கோயில் இருந்துச்சு. இன்னைக்கு அந்தத் தெருவுக்கு ஷ்வேபோந்தா தெருன்னு பேர். தமிழ் மாசம் 16-ம் தேதி சாயங்காலம் கடைக்காரங்க அந்தக் கோயில்ல கூடுவாங்க. அந்த மாசத்துக்கு நடப்பு வட்டி என்னன்னு பேசி முடிப்பாங்க. செட்டியார் கடைகள் தங்களுக்குள்ள கொடுத்து வாங்கற பணத்துக்கு அந்த வட்டிதான் அடிப்படை. ரெண்டு மூணு மாசத் தவணைக்குப் போட்டா அதுக்குத் தகுந்த மாதிரி மாறும்.

இதை 1,650 கடையும் ஜோடி ஜோடியாப் பேசி முடிச்சிருக்க முடியுமா? கணக்குப்படி 13 லட்சத்துக்கும் மேல ஜோடி வரும். எண்ணிக்கை கூட பெரிய சிக்கல் இல்லை. ஜோடியாப் பேசினா, "உனக்கு ஒரு வட்டி, அவனுக்கு ஒரு வட்டி"ன்னு ஒரு சந்தேகம் எப்பவும் இருக்கும். ஒரே மண்டபத்துல, சாமி சன்னதியில, எல்லார் முன்னாடியும் சொன்ன வட்டிக்கு அந்தச் சந்தேகம் கிடையாது. எந்தக் கடை அன்னைக்கு வரலை, எந்தக் கடைக்குப் பணம் அவசரமாத் தேவைப்படுது, யார் முகம் வாடியிருக்கு, எல்லாமே எல்லாருக்கும் தெரியும். ஒரு கூட்டம் ஒரே நேரத்துல வட்டி விகிதமும் சொல்லுச்சு, கடன் தகுதி அறிக்கையும் கொடுத்துச்சு.

அவங்க கையில இருந்த இன்னொரு கருவி உண்டி. ரங்கூன்ல பணம் கட்டினா சென்னையில வாங்கிக்கலாம். இதுலயும் குறைஞ்சது மூணு பேர் வேணும். எழுதிக் கொடுக்கிறவர், காசு கொடுக்க வேண்டிய கடை, காசு வாங்கறவர். மூணுல யாரை எடுத்தாலும் அது வெறும் தாள். அதை மூணு கோடா உடைச்சு வரைஞ்சீங்கன்னா, மூணு தனித்தனிக் கடன் மாதிரி தெரியுமே தவிர உண்டி தெரியாது.

வேலை செய்யற ஆட்களும் இப்படித்தான் பின்னப்பட்டிருந்தாங்க. பெட்டியடிப் பையனா சேர்ந்து, அடுத்தாளாகி, பிறகு ஏஜெண்ட் ஆவாங்க. ஏஜெண்டுக்கு வழக்கமா மூணு வருஷக் கணக்கு. முடிஞ்சா ஊருக்கு வந்து, கொஞ்ச நாள் இருந்து, அடுத்த கணக்குக்கு வேற கடை, வேற ஊர். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவுல கிட்டங்கின்னு நீளமான கூடங்கள் இருந்துச்சு. ஒரே கூடத்துல பல கடை. ஒவ்வொருத்தருக்கும் தரையில கொஞ்சம் இடம், ஒரு மரப்பெட்டி, ஒரு கணக்குப் புத்தகம். பக்கத்துப் பெட்டிக்காரர் போட்டியாளர், ஆனா சாப்பாடும் தூக்கமும் ஒரே கட்டடத்துல. கடன் கேட்டு வர்ற ஆள் ஒரு பெட்டியில பொய் சொன்னா அடுத்த பெட்டிக்குப் போறதுக்குள்ள சேதி போயிடும். அதே சிங்கப்பூர்ல டேங்க் ரோட்டு முருகன் கோயிலை 1859-லயே கட்டிட்டாங்க. போற இடமெல்லாம் கோயில் கட்டினதுக்குப் பக்தி ஒரு காரணம். கூடறதுக்கு ஒரு மண்டபம் வேணும்ங்கிறதும் காரணம். வியாபாரத்துல ஒரு பங்கு மகமைன்னு கோயிலுக்குப் போகும், அந்தக் கோயில் பணமும் வட்டிக்கு வெளியே வரும். பொது உண்டியலே ஒரு முதலீட்டு நிதி.

இதை வெளியிலிருந்து பார்த்த ஆங்கிலேய வங்கிக்கு என்ன தெரிஞ்சது? அரசு ஆதரவு பெற்ற மாகாண வங்கிகளுக்கு 1876-ம் வருஷச் சட்டப்படி, புரோநோட்டுல ஒருத்தருக்கொருத்தர் சார்பில்லாத ரெண்டு கையெழுத்து வேணும். ரெண்டு செட்டியார் கையெழுத்துப் போட்டா வங்கி பணம் தரும். சட்டம் பார்த்தது ஒரு ஜோடி. உண்மையில அந்த ரெண்டு கையெழுத்துக்குப் பின்னாடி மொத்த மண்டபமும் நின்னுச்சு.

வளையத்துக்கு வெளியே ஒரு விவசாயி

இது வரைக்கும் கேட்டா குழுன்னா நல்லதுன்னு தோணும். இப்போ எதிர்ப் பக்கத்துல நிப்போம். ஐராவதி படுகையில ஒரு பர்மிய விவசாயி. அவர் கடனைப் படமா வரைஞ்சா ஒரே கோடுதான், அவருக்கும் கடைக்கும் நடுவுல. ஆனா கோட்டோட ரெண்டு முனையும் சமம் இல்லை. ஒரு முனையில 1,650 கடையோட மண்டபம். இன்னொரு முனையில தனி ஆள். அவருக்கு வட்டி சொல்ற கூட்டத்துல இடம் இல்லை, பங்காளி இல்லை, மாலை தர்ற கோயிலும் இல்லை. கைவசம் இருந்தது நிலப் பத்திரம் ஒண்ணு. நகரத்தாருக்கு அடமானம் அவங்க பேரு. விவசாயிக்கு அடமானம் அவர் நிலம்.

அவருக்கும் ஒரு குழு செஞ்சு கொடுக்கலாம்னு அரசாங்கம் முயற்சி பண்ணுச்சு. 1904-ல இந்தியாவுக்கான கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்துச்சு. பர்மாவுலயும் கிராமம் கிராமமா சங்கம் தொடங்கினாங்க. ஒருத்தர் கட்டலைன்னா எல்லாரும் பொறுப்பு, அதான் விதி. காகிதத்துல பார்த்தா இதுவும் ஒரு ஹைப்பர்கிராஃப் வளையம்தான். ஆனா 1920-களோட கடைசியில அந்த இயக்கம் நொறுங்கிச்சு, கால்வர்ட் தலைமையில ஒரு விசாரணைக் குழு போட வேண்டியதாச்சு. இதுல எனக்குப் படறது இதுதான்: பதிவேட்டுல பத்துப் பேர் பேரை ஒண்ணா எழுதினா அது குழு ஆயிடாது. நகரத்தார் வளையங்கள் ஒண்ணு மேல ஒண்ணு படிஞ்சிருந்துச்சு. கோயில், கல்யாணம், ஊர், கிட்டங்கி, மாசக் கூட்டம். கடனை ஏமாத்தினா ஒரு கடன் மட்டும் போகாது, பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறதும் சிக்கலாகும். சங்கத்துல சேர்ந்த விவசாயிகளை இணைச்சது அந்தக் கடன் ஒண்ணுதான். கடன் போனா வளையமும் போச்சு.

எல்லாரும் ஒரே பக்கம் சாய்ஞ்சா

1929-க்குப் பிறகு உலகப் பொருளாதார மந்தம். நெல் விலை சில வருஷத்துல பாதிக்கும் கீழ விழுந்துச்சு. 1930 டிசம்பர்ல தராவடி மாவட்டத்துல சாயா சான் தலைமையில விவசாயிகள் கிளர்ச்சி வெடிச்சது. வரி கட்ட முடியலை, வட்டி கட்ட முடியலை.

செட்டியார் வலை இது வரைக்கும் எத்தனையோ அதிர்ச்சியைத் தாங்கியிருக்கு. ஒரு கடைக்குச் சிக்கல்னா மத்த கடைகள் நடப்பு வட்டிக்குப் பணம் கொடுத்துத் தூக்கி விட்டுடும். ஒருத்தர் விழுந்தா எல்லாரும் தாங்கற ஏற்பாடு. ஆனா இப்போ விழுந்தது நெல் விலை. எல்லாக் கடையோட கடனும் அதே நெல்லு மேல. தூக்கி விட வேண்டிய பக்கத்துக் கடையும் அதே நேரத்துல தடுமாறுது. குழுவோட பலம் எதுல இருந்துச்சோ, எல்லாரும் ஒரே மாதிரி, ஒரே தொழில், ஒரே சேதி, அதுவே இப்போ பலவீனம்.

இந்த இடத்துல சமீபத்து ஆய்வு ஒண்ணு உதவும். 2019-ல இயாகோபினி, பெட்ரி, பரா, லட்டோரான்னு நாலு பேர் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழ்ல ஒரு மாதிரியை வெளியிட்டாங்க. ஒரு வதந்தியோ பழக்கமோ பரவறது ஆள் விட்டு ஆள் மட்டும்னா, பரவற வேகம் கூடக்கூட அதோட பரப்பும் படிப்படியாத்தான் கூடும். ஆனா, ஒரு மூணு பேர் குழுவுல ரெண்டு பேர் ஏற்கெனவே நம்பிட்டா மூணாவது ஆள் மேல தனி அழுத்தம் வரும்னு சேர்த்தா கதை மாறுது. அந்த அழுத்தம் போதுமான அளவு இருந்தா, மாற்றம் படிப்படியா வராது, திடீர்னு வரும். அது மட்டும் இல்லை. அதே சூழ்நிலையில ஆரம்பத்துல சில பேர்தான் நம்பினாங்கன்னா தானா அடங்கிடும். ஒரு எல்லைக்கு மேல பேர் இருந்தா முழுக்கப் பத்திக்கும். ரெண்டு முடிவும் சாத்தியம்.

இந்த மாதிரியை வெச்சு 1930-கள்ல நடந்ததை நிரூபிச்சுட்டேன்னு நான் சொல்ல வரலை. எங்க பார்க்கணும்னு இது காட்டுது. நம்பிக்கை ஒரு மண்டபத்துல உருவாச்சுன்னா, அது குறையறதும் அதே மண்டபத்துலதான் நடக்கும். எல்லாருக்கும் எல்லாம் தெரியற இடத்துல பயமும் எல்லாருக்கும் தெரியும்.

விளைவு நிலத்துல தெரிஞ்சது. கீழ் பர்மாவோட 13 முக்கிய நெல் மாவட்டங்கள்ல 1930-ல செட்டியார்கள் கையில இருந்தது விளைநிலத்துல 6 சதவீதம். 1937-ல அது 25 சதவீதம். கால்வாசி. இதை அவங்க வெற்றின்னு படிச்சா தப்பு. வட்டிக்கு விடறவருக்குத் தேவை ஓடற பணம். நிலம் வந்து சேர்ந்ததுன்னா பணம் நின்னு போச்சுன்னு அர்த்தம். விக்கலாம்னா வாங்க ஆள் இல்லை. மறுபக்கம் விவசாயிக்கு அது வெறும் சதவீதம் இல்லை. அப்பா காட்டை வெட்டித் திருத்தின வயல்ல மகன் குத்தகைக்காரனா நிக்கறான். அந்தக் கோபம் அடுத்த வருஷங்கள்ல இந்தியர்களுக்கு எதிரான கலவரமா மாறினப்போ அடி வாங்கினவங்கள்ல நிலமோ கடையோ இல்லாத கூலித் தொழிலாளிகளும் இருந்தாங்க. வெளியில இருந்து பார்க்கிறவங்களுக்கு எல்லாரும் ஒரே வளையம்.

பழைய வலையில இருந்து வேற வடிவத்துக்குப் போகணும்னு புரிஞ்சவங்களும் இருந்தாங்க. எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10-ம் தேதி இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினார். ஒரே நாள்ல மூணு ஊர்ல கிளை: காரைக்குடி, சென்னை, ரங்கூன். அந்த மூணு பேரை மட்டும் படிச்சாலே பழைய பாதை தெரியும். ஆனா உள்ள இருந்த விதி புதுசு. பங்குதாரர், இயக்குநர் குழு, கம்பெனிச் சட்டம். புள்ளியோ கோயிலோ கேட்காம யார் வேணும்னாலும் கணக்குத் தொடங்கலாம்.

மத்தவங்களுக்கு நேரம் கிடைக்கலை. 1941 டிசம்பர் 23-ம் தேதி ரங்கூன் மேல ஜப்பானியக் குண்டு விழுந்துச்சு. கப்பல்ல இடம் கிடைச்சவங்க கப்பல்ல, கிடைக்காதவங்க காடு மலை வழியா நடந்து இந்தியா வந்தாங்க. லட்சக்கணக்கான இந்தியர்கள். வழியிலயே செத்தவங்க நிறையப் பேர். 1948-ல பர்மா சுதந்திரம் அடைஞ்சது, அதே வருஷம் நில தேசியமயச் சட்டம் வந்துச்சு. கால்வாசி நிலம் காகிதத்துல மட்டும் மிச்சம். செட்டிநாட்டு வீடுகள் பூட்டிக் கிடக்கிறதுக்கும், தேக்குத் தூண்கள் பழம்பொருள் கடைக்கு வந்ததுக்கும் பின்னாடி இந்தக் கணக்கும் இருக்கு.

இன்னைக்கு இதுல என்ன இருக்கு?

தமிழ்நாட்டுல மகளிர் சுய உதவிக் குழு 1989-ல தருமபுரியில தொடங்கின திட்டத்துல இருந்து வளர்ந்தது. பன்னிரண்டு, பதினஞ்சு, இருபது பெண்கள் ஒண்ணாச் சேர்ந்து முதல்ல சேமிச்சு, பிறகு கடன் வாங்கறாங்க. சொத்துப் பத்திரம் கேட்காத கடன், குழுவே அடமானம். வரலாற்றுல இது பெரிய திருப்பம். ஆச்சி பணம் போட்டாங்க, ஆனா கூட்டத்துல உட்காரலை. இங்க கூட்டமே பெண்களோடது. வாராவாரம் கூடி, சேமிச்சு, நோட்டுல எழுதி வளர்ந்த குழு நிலைச்சு நிக்குது. ஐராவதி விவசாயிக்குக் கிடைக்காத வளையம் இதுதான்.

அதே சமயம் குழுக்கடன்னு சொல்லி வேற ஒண்ணும் நடக்குது. தனியார் நுண்கடன் கம்பெனி அவசரத்துக்குப் பத்துப் பெண்கள் பேரைச் சேர்த்து எழுதி ஒரே நாள்ல கடன் கொடுக்கும். ஒருத்தர் தவணை கட்டலைன்னா மத்தவங்களை எழுந்திருக்க விடாம உட்கார வெக்கும். அங்க குழுவோட நம்பிக்கை கம்பெனி பக்கம் லாபமாப் போகுது, குழுவோட அவமானம் மட்டும் அந்தப் பெண்கள் பக்கம் தங்குது. கம்பெனியோட கம்ப்யூட்டர்ல பார்த்தா ரெண்டு வகைக் குழுவும் ஒரே மாதிரி பத்து வரிசைதான்.

அதை எழுதற வேலையில நம்மள்ல நிறையப் பேர் இருக்கோம். கடன் தகுதி கணக்குப் போடற மென்பொருள், யாரோட யார் தொடர்புன்னு காட்டற வரைபடம், இதெல்லாம் நம்ம கையில உருவாகுது. யூசர் ஒரு டேபிள், ரெண்டு யூசருக்கு நடுவுல ஒரு தொடர்பு, அவ்வளவுதான்னு எழுதறது சுலபம். அப்படி எழுதினா சீட்டுத் தெருவும் கைமாத்துத் தெருவும் ஒண்ணாத் தெரியும். மொகல் தெரு மண்டபம் தெரியவே தெரியாது. அதுக்கு எதிர்ல தனியா நின்ன விவசாயியும் 'கடன்காரர்'ங்கிற ஒரு புள்ளியாத்தான் தெரிவார்.

அதனால அடுத்த தடவை ஒரு வலையைப் பார்த்தா மூணு கேள்வி கேளுங்க. இங்க புள்ளி யாரு, தனி ஆளா, குடும்பமா? எந்தக் காரியம் ரெண்டு பேருக்குள்ள நடக்குது, எது கூட்டமா மட்டும்தான் நடக்கும்? அந்தக் கூட்டத்துல முடிவு பண்றப்போ வெளியே நிக்கிறது யாரு?

உங்க வீட்டுல அம்மாவோ பாட்டியோ சீட்டு நடத்தியிருந்தா, குழுவுல இருந்திருந்தா, ஒருத்தர் கட்டாம போனப்போ மத்தவங்க என்ன பண்ணாங்கன்னு கேட்டுப் பாருங்க. அந்தப் பதில்ல எந்த வரைபடத்துலயும் இல்லாத விவரம் இருக்கும். கிடைச்சதை எங்களுக்கும் எழுதுங்க.